கண்டறிவதற்கும் கூலி உண்டு

சில மாதங்களுக்கு முன்பு என் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி ஒன்றுக்கு அவர் உரிமையாளர்; ஓட்டுநரும் அவரே. நலம் விசாரித்து முடித்ததும் தயங்கித் தயங்கி, "ஐயா, ஒரு நாற்பதாயிரம் ரூபாய் கைமாற்றாகக் கிடைக்குமா?" என்று கேட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிடுகிறது. பிறகு எவ்வளவு முயன்றாலும் கிளம்புவதில்லை. இன்ஜெக்டர்களை மாற்றியாக வேண்டும் என்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள். கடன் கேட்க அவர் சொன்ன காரணம் இது.

"பழுது இன்ஜெக்டரில்தான் என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. மூன்று வாரங்களில் வண்டி நான்கு முறை நின்றிருக்கிறது. முதல் முறை பேட்டரியை மாற்றினார்கள்; 6,500 ரூபாய். அடுத்த முறை வேறொரு பணிமனையில் டீசல் ஃபில்டரையும் டீசலை இழுத்துத் தரும் சிறிய பம்பையும் மாற்றினார்கள். கூலியுடன் 5,500 ரூபாய். இரண்டு முறையும் வண்டி கிளம்பியது; இரண்டு முறையும் சில நாள்களில் மீண்டும் நின்றது. மூன்றாம் முறை அரை மணி நேரம் காத்திருந்த பின் தானாகவே கிளம்பிவிட்டது. நான்காம் முறை நின்றபோதுதான் இன்ஜெக்டர் பேச்சு வந்தது. "மாத்திப் பார்ப்போம்னு சொன்னாங்க, ஐயா" என்றார்.

'மாற்றிப் பார்ப்போம்' என்ற அந்த இரண்டு சொற்கள்தாம் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நான் இயந்திரம் அறிந்தவன் அல்லன். வகுப்பறையில் பொருளாதாரம் கற்பித்தவன். ஆனால் அன்று தொடங்கிய தேடலில், ஒரு வண்டி ஏன் நிற்கிறது என்பதைக் கண்டறியும் முறையையும், அந்த முறை நம் சாலையோரங்களில் ஏன் பெரும்பாலும் பின்பற்றப்படுவதில்லை என்பதையும் ஓரளவு புரிந்துகொண்டேன். நம் பழுதுபார்ப்புச் சந்தையில் பாகத்துக்கு விலை உண்டு; அதைப் பொருத்துவதற்குக் கூலி உண்டு; பழுது எங்கே இருக்கிறது என்று கண்டறிவதற்கு மட்டும் விலை இல்லை. விலை இல்லாத பண்டத்தைச் சந்தை போதிய அளவில் தருவதில்லை என்பது பொருளாதாரத்தின் பாலபாடம்.

ஒரு வண்டி நிற்பதன் பொருள்

2005-இல் டாடா ஏஸ் அறிமுகமானபோது தமிழகம் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரிட்டது. தொடர்ந்து வந்த சிறிய, நடுத்தர பிக்கப் வண்டிகள், சொந்தமாகத் தொழில் செய்ய விரும்பிய ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வழி திறந்தன. சிறிது முன்பணம், மீதி வங்கி அல்லது நிதி நிறுவனக் கடன், ஓட்டுநர் உரிமம் ஆகியவை இருந்தால் ஒருவர் முதலாளியும் தொழிலாளியும் ஆகிவிடலாம்.

அந்தத் தொழிலின் கணக்கு மிக மெல்லிய இழையில் தொங்குகிறது. டீசல், சுங்கக் கட்டணம், ஏற்றுகூலி ஆகியவை வண்டி ஓடினால் வரும் செலவுகள். மாதத் தவணை, காப்பீடு, சாலை வரி ஆகியவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் செலவுகள். வண்டி நிற்கும் நாளில் வருமானம் மட்டுமே நிற்கிறது, தவணை நிற்பதில்லை. ஏற்றிய சரக்கு தக்காளியாக இருந்தால் நட்டம் மணிக்கணக்கில் ஏறும். இரண்டு முறை நேரம் தவறினால் மண்டிக்காரர் அடுத்த வண்டிக்காரரை அழைத்துக்கொள்வார். அந்த இழப்பு எந்த ரசீதிலும் வராது. ஆகவே, "நாளைக்குள் சரிசெய்து கொடுங்கள்" என்ற அவசரத்துடன்தான் உரிமையாளர் பணிமனைக்குள் நுழைகிறார். தவறான முடிவுகளுக்கு அந்த அவசரமே முதல் படி.

இன்ஜின் இயங்க என்ன தேவை?

டீசல் இன்ஜினின் அடிப்படை எளிமையானது. சிலிண்டருக்குள் காற்று கடுமையாக அழுத்தப்படும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்பட்டால் தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜினைப் போல் தீப்பொறி வேண்டியதில்லை. போதிய காற்று, போதிய அழுத்தம், உரிய நேரத்தில் உரிய அளவு டீசல் ஆகிய மூன்றும் இருந்தால் இன்ஜின் இயங்கியாக வேண்டும். பழைய வண்டிகளில் மெக்கானிக்குகள் இந்த மூன்றையும் கண்ணாலும் காதாலும் விரல்களாலும் அறிந்தார்கள்.

இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 புகை விதிகளும், 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கு ஈடுகொடுக்க, டீசலைப் பீய்ச்சும் பொறுப்பு கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது. 'காமன் ரெயில்' எனப்படும் பொதுக்குழாயில் டீசல் 1,000 பார்களுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தேக்கிவைக்கப்படுகிறது. எந்த இன்ஜெக்டர் எந்தக் கணத்தில் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை இசியு எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி முடிவு செய்கிறது. அதற்குச் சென்சார்களிலிருந்து தகவல் வேண்டும். காற்றும் அழுத்தமும் டீசலும் குறைவின்றி இருந்தும், ஒரு மெல்லிய ஒயரில் வர வேண்டிய தகவல் வராவிட்டால் வண்டி கிளம்பாது. நல்ல அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் தடுமாறும் இடம் இதுதான்.

கேள்விகளின் வரிசை

கண்டறிதல் என்பது ஒழுங்கான வரிசையில் கேள்வி கேட்பது. முதல் கேள்வியை ஓட்டுநரிடமே கேட்க வேண்டும்: வண்டி எப்படி நின்றது? சாவியைத் திருப்பி அணைத்ததைப் போல் சட்டென்று நின்றிருந்தால் மின்சாரப் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. இழுவை குறைந்து, திணறித் திணறி நின்றிருந்தால் டீசல் வரத்தில் தடை இருக்கலாம். இந்த ஒரு விடை, சந்தேகத்துக்குரிய பாகங்களில் பாதியைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆனால் என் மாணவரிடம் மூன்று பணிமனைகளில் எவரும் இதைக் கேட்கவில்லை.

இரண்டாவது கேள்வி: சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறதா? சுற்றவே இல்லை, அல்லது 'டிக்' என்ற ஓசையோடு நின்றுவிடுகிறது என்றால், டீசலைப் பற்றி அப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். பேட்டரி, அதன் முனைகள், எர்த் ஒயர், ரிலே, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றையே பார்க்க வேண்டும். முழு மின்னூட்டத்தில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரியக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் மின்னூட்டம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். சில நூறு ரூபாய் மல்டிமீட்டரும் ஐந்து நிமிடமும் போதும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால், பெரும்பாலும் துருப்பிடித்த முனையோ தளர்ந்த எர்த் ஒயரோ குற்றவாளியாக இருக்கும். அதற்குத் தேவை உப்புத்தாளும் ஸ்பேனரும்தான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பற்றவில்லை என்றால் மூன்றாவது கேள்விக்கு வருகிறோம்: டீசல் வருகிறதா? டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்டு, அதன்பின் வண்டி கிளம்பினால், டேங்க்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, குழாய் இணைப்புகளில் ஈரக்கசிவோ காற்றுக்குமிழியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ரெயில் அழுத்தம். செல்ஃப் சுற்றும்போது பல வண்டிகளில் அது 200 பார் அளவையாவது எட்டினால்தான் இசியு இன்ஜெக்டர்களைத் திறக்கும். இந்த எண்ணை ஸ்கேனர் திரையிலேயே பார்க்கலாம். அழுத்தம் ஏறாவிட்டால் பம்பையும் இன்ஜெக்டர் கசிவையும் ஆராய வேண்டும். ஏறியிருந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றும் அவசரம் வேண்டாம். வேறிடத்தில் தேட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, 'ஏர் லாக்' எடுப்பது வழக்கம். காமன் ரெயில் வண்டியில் அப்படிச் செய்வது பேராபத்து. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். ஊசிமுனை அளவுக் காயமாகத் தெரிந்தாலும் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நான்காவது கேள்வி: இசியுவுக்கு வேண்டிய தகவல் கிடைக்கிறதா? வண்டித் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள வண்டிகளில், சாவியை அடையாளம் காணாவிட்டால் அதற்கான விளக்கு மின்னும். இன்ஜின் கிளம்பாது, அல்லது கிளம்பியவுடன் அணையும். அடுத்து கிராங்க் சென்சார். கிராங்க் தண்டுடன் சுழலும் பற்சக்கரத்துக்கு அருகில் விரல் அளவில் பொருத்தப்பட்டிருக்கும் இந்தச் சென்சார்தான், இன்ஜின் சுழல்கிறது, இன்ன வேகத்தில் சுழல்கிறது, தண்டு இந்த நிலையில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்கிறது. அந்தத் தகவல் வராவிட்டால், இன்ஜின் சுழலவே இல்லை என்று கணினி எண்ணிக்கொள்ளும். ஒரு துளி டீசலும் பீய்ச்சப்படாது.

கிராங்க் சென்சாருக்கு ஒரு குணம் உண்டு. அது கெடத் தொடங்கும்போது பல நேரங்களில் ஒரேயடியாகக் கெடுவதில்லை. இன்ஜின் சூடேறும்போது உள்ளே இருக்கும் மின்னிணைப்பு விட்டுப்போகும்; ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். வண்டி சூட்டில் நிற்கும், அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும்.

முதலில் எதைப் பார்ப்பது?

சந்தேகங்கள் பல இருக்கும்போது எந்த வரிசையில் சோதிப்பது? இது பொருளாதாரக் கேள்வியும்கூட. ஒவ்வொரு சோதனைக்கும் செலவு உண்டு. அது உண்மையை வெளிப்படுத்தும் வாய்ப்பும் உண்டு. செலவு குறைந்த, வாய்ப்பு மிகுந்த சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். பேட்டரி முனையை அசைத்துப் பார்க்கச் செலவு ஏதுமில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனை மேடையில் ஏற்ற ஒரு நாளும் சில ஆயிரங்களும் தேவை. இரண்டிலும் பழுது இருக்கும் வாய்ப்பு சமமாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி முனையைத்தான்.

விட்டுவிட்டு வரும் பழுதில் இன்னொரு நுட்பம் உண்டு. பழுது இருக்கும் நேரத்தில் மட்டுமே அதைக் காண முடியும். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் பணிமனைக்குக் கொண்டுவருவதற்குள் இன்ஜின் ஆறிவிடும், சாட்சியம் மறைந்துவிடும். அந்த வேளையில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் வண்டி கிளம்பும். பேட்டரியை மாற்றியபோதும் ஃபில்டரை மாற்றியபோதும் என் மாணவருக்கு நேர்ந்தது அதுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பனம்பழத்துக்கு உரிய புகழ் காக்கைக்குப் போனதுபோல், ஆறிய இன்ஜினுக்கு உரிய புகழ் புதிய பேட்டரிக்குப் போயிற்று.

ஸ்கேனர் இருக்கும்போது இத்தனை கேள்விகள் எதற்கு என்று தோன்றலாம். ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு நோயின் பெயர் அன்று, அறிகுறியின் பெயர். 'பி 0335' என்றால் கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று பொருள். சென்சார் கெட்டிருக்கலாம், ஒயர் உராய்ந்திருக்கலாம், இணைப்பானில் ஈரம் புகுந்திருக்கலாம். 'பி 0087' என்றால் ரெயில் அழுத்தம் குறைவு என்று பொருள். அடைத்த ஃபில்டர் முதல் தேய்ந்த பம்பு வரை எதுவும் அதற்குக் காரணமாகலாம். சில வேளைகளில் குறியீடே பதிவாகாது. கிராங்க் தகவல் முற்றிலும் நின்றால், ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார் என்றே சில கணினிகள் கொள்ளும். குறியீட்டைப் படித்து அதே பெயருள்ள பாகத்தை மாற்றுவது கண்டறிதல் ஆகாது.

ஒரு மணி நேரக் காத்திருப்பு

கடன் கொடுப்பதற்கு முன் இன்னொருவரிடம் காட்டுவோம் என்று சொன்னேன். நண்பர் ஒருவர், திண்டுக்கல் சாலையோரம் சிறு கடை வைத்திருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் குறிப்பிட்டார். அறுபதை நெருங்கும் வயது. மாணவரும் நானும் வண்டியுடன் போனோம். அவர் பானட்டைத் திறக்கவில்லை. "தம்பி, எப்ப நிக்குது, எப்படி நிக்குதுன்னு முதல்ல சொல்லுங்க" என்றார்.

மதிய வெயிலில், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு, சட்டென்று நிற்கிறது என்றார் மாணவர். "அப்ப அது நிக்கற வரைக்கும் ஓடட்டும்" என்று சொல்லி, கைப்பேசியுடன் இணையும் சிறிய ஸ்கேனர் ஒன்றைப் பொருத்திக்கொண்டு வண்டியில் ஏறினார். போய்த் திரும்பிய பிறகும், நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். எனக்குப் பொறுமை குறைந்துகொண்டிருந்த நேரத்தில் இன்ஜின் சட்டென்று நின்றது. செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஸ்டார்ட்டர் முழு வேகத்தில் சுற்றியது; திரையில் இன்ஜின் வேகம் பூஜ்யமாகவே இருந்தது. "பாருங்க சார், இன்ஜின் சுத்துது, அதுக்குத் தெரியலை" என்றார்.

அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. இணைப்பானைக் கழற்றி, சென்சாருக்குச் செல்லும் ஒயர்களை ஒவ்வொன்றாக மல்டிமீட்டரால் சோதித்தார். ஒயரில் குறையில்லை. சென்சாரின் மீது ஈரத்துணியைச் சுற்றிச் சிறிது நேரம் குளிரவைத்தார். மீண்டும் சாவியைத் திருப்பியதும் திரையில் எண் ஏறியது; வண்டி கிளம்பியது. புதிய சென்சாரின் விலை 1,200 ரூபாய். கூலியாக அவர் கேட்டது 300 ரூபாய்.

இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். தவறாகக் கணித்த இரு பணிமனைகளும் சேர்ந்து 12,000 ரூபாய் பெற்றன. மூன்றாவது பணிமனை 40,000 ரூபாய் பெறவிருந்தது. சரியாகக் கண்டறிந்தவர் பெற்றது 300 ரூபாய். அதுவும் சென்சாரைப் பொருத்தியதற்கான கூலி. இரண்டு மணி நேரம் கவனித்ததற்கும், காத்திருந்ததற்கும், முப்பது ஆண்டு அனுபவத்துக்கும் ஏதும் இல்லை. மாணவர் கூடுதலாக 500 ரூபாய் நீட்டியபோது, "பாத்ததுக்கெல்லாம் காசு வாங்கறதில்லீங்க" என்று கூச்சத்துடன் மறுத்தார். அந்தப் பெருந்தன்மை நெகிழவைத்தது. கூடவே கவலையும் வந்தது. இந்தத் தொழிலை இதே முறையில் செய்ய அவருடைய மகன் ஏன் முன்வர வேண்டும்?

சந்தை ஏன் தவறுகிறது?

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்குலையும் என்பதை, பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டி 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகெர்லாஃப். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகிய இருவரும் ஒரு படி மேலே சென்று, சில சேவைகளை வாங்கிய பிறகும் அவை உண்மையில் தேவைதானா என்று நுகர்வோரால் அறிய முடியாது என்றனர். பழுதுபார்ப்பு அதற்குத் தக்க சான்று. பழுதைக் கண்டறிபவரும் பாகத்தை விற்பவரும் ஒருவரே என்பதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. அமெரிக்காவில் ஹென்றி ஷ்னைடர் என்ற பொருளியலாளர், தெரிந்தே சில குறைகளை ஏற்படுத்திய ஒரு காரைப் பல பணிமனைகளுக்குக் கொண்டுசென்று ஆராய்ந்து, முடிவுகளை 2012-இல் வெளியிட்டார். இருந்த குறைகள் பல கண்டறியப்படவில்லை. தேவையற்ற வேலைகள் பரிந்துரைக்கப்பட்டன. தளர்ந்த பேட்டரி ஒயர் அந்தக் குறைகளில் ஒன்று.

இதற்காக மெக்கானிக்குகளை நேர்மையற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வருமானம் பாகத்தின் மீதான லாபத்திலிருந்து வரும்போது கவனமும் பாகத்தின் மீதே செல்லும். ஒரு மணி நேரம் சோதித்து, "ஒயர் கழன்றிருந்தது, செருகிவிட்டேன்" என்று சொல்லிக் கூலி கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். புதிய பாகத்தைக் காட்டினால் மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். மருத்துவரிடம் மட்டும் நாம் இப்படி நடந்துகொள்வதில்லை. மருந்து வேண்டாம் என்று அவர் சொன்னாலும் ஆலோசனைக் கட்டணத்தைத் தருகிறோம். ஆகவே தவறில் நுகர்வோருக்கும் பங்கு உண்டு.

இன்னொரு பங்கு உற்பத்தியாளர்களுடையது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் தனியார் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அந்த ஆணை மேல்முறையீடுகளைச் சந்தித்தது என்றாலும், அது சுட்டிய சிக்கல் உண்மையானது. மின்சுற்று வரைபடமும் உரிய அளவீடுகளும் கையில் இல்லாத மெக்கானிக், மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்வார்? ஐரோப்பிய ஒன்றியத்தில் பழுதுபார்ப்புத் தகவல்களைத் தனியார் பணிமனைகளுக்கும் தர வேண்டும் என்று 2007-இலேயே விதி வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்கள் வாக்களித்தே அத்தகைய சட்டத்தைப் பெற்றனர். இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் அடங்கும். ஆனால் நிறுவனங்கள் தாமாக முன்வந்து தரும் தகவல் வேறு, சட்டப்படி தந்தே ஆக வேண்டிய தகவல் வேறு.

செய்யத்தக்கவை

வண்டி உரிமையாளர்கள் செய்யத்தக்கவை சில. வண்டி நின்றவுடன் முதலில் சாலையோரம் பாதுகாப்பாக ஒதுக்க வேண்டும். இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனக்கும். சில அழுத்தங்களுக்குப் பின் பிரேக்கும் இறுகும். ஆகவே பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தாமல், ஒரே சீராக அழுத்தி நிறுத்த வேண்டும். பின்னால் எச்சரிக்கை முக்கோணத்தை வைக்க வேண்டும். பிறகு ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: எவ்வளவு நேரம் ஓடியது, சட்டென்று நின்றதா திணறி நின்றதா, எந்த விளக்கு எரிந்தது, செல்ஃப் எப்படிச் சுற்றியது, எவ்வளவு நேரத்தில் மீண்டும் கிளம்பியது, கடைசியாக எங்கே டீசல் நிரப்பப்பட்டது. இந்த ஆறு வரிகள் பல ஆயிரம் ரூபாயைக் காக்கும்.

பணிமனையில், "எந்தச் சோதனையின் அடிப்படையில் இந்தப் பாகத்தை மாற்றச் சொல்கிறீர்கள்?" என்று பணிவாகக் கேட்கலாம். கழற்றிய பழைய பாகத்தையும் ரசீதையும் கேட்டு வாங்க வேண்டும். சேவைக்கு ரசீது தராமல் இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. அதே வேளையில், கண்டறிவதற்கென்று தனிக் கட்டணம் கேட்கப்பட்டால் அதை மனமுவந்து கொடுக்கப் பழக வேண்டும்.

கண்டறியும் கட்டணம் வந்தால், அதையும் வாங்கிக்கொண்டு பாகத்தையும் வீணாக மாற்றமாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான ஐயம்தான். கட்டணத்துக்கு ஈடாக, செய்த சோதனைகளும் கிடைத்த அளவீடுகளும் எழுதப்பட்ட ஒரு தாளைத் தர வேண்டும் என்பதே அதற்குப் பரிகாரம். பேட்டரி இத்தனை வோல்ட், ரெயில் அழுத்தம் இத்தனை பார், செல்ஃப் சுற்றும்போது இன்ஜின் வேகம் இத்தனை என்று எழுதிய தாளை உரிமையாளர் வேறு பணிமனையிலும் காட்டிக் கருத்துக் கேட்கலாம். எழுதிக் கொடுப்பவர் ஊகத்தை எழுதத் தயங்குவார்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக், டீசல் மெக்கானிக் பிரிவுகளில் படிக்கும் மாணவர்களுக்கு, பாகத்தைக் கழற்றிப் பூட்டும் பயிற்சியோடு பழுதைத் தேடும் பயிற்சியையும் இணையாகத் தர வேண்டும். வேண்டுமென்றே குறை ஏற்படுத்திய வண்டியைக் கொடுத்து, எதையும் மாற்றாமல் அதைக் கண்டறியச் சொல்லும் தேர்வு ஒன்று அவசியம். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கு மாலைநேரப் பயிற்சியும், கருவிகள் வாங்கச் சிறுகடனும் தரலாம். வண்டி வாங்கக் கடன் தரும் வங்கிகளுக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். நின்றுபோன வண்டியால் தவணை கட்ட முடியாது.

என் மாணவருக்கு நாற்பதாயிரம் தேவைப்படவில்லை. வீணாக மாற்றிய பேட்டரியின் விலையை ஈடுசெய்ய அவர் இன்னும் எத்தனையோ நடை ஓட்ட வேண்டும். இழந்த மண்டிக்காரர் ஒருவர் இன்னும் திரும்பவில்லை. வண்டி மட்டும் நிற்காமல் ஓடுகிறது. சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, எண்ணெய் மாற்றுவதற்குக்கூட அந்த எலெக்ட்ரீஷியனிடம் யோசனை கேட்பதாகவும், ஒவ்வொரு முறையும் நூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டு வருவதாகவும் சொன்னார். இப்போதெல்லாம் அவர் மறுப்பதில்லையாம்.